பின்னால் சிரித்த ஆள்

உட்கார்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் குட்டை. தலைக்கு மேலே சுவிட்ச். பேத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முழுக்கச் சாத்தவில்லை, காற்றுக்கு ஒரு விரல்கடை விட்டிருக்கிறாள். மணி பதினொன்று. இருமக் கூடாது. குக்கர் வைக்கக் கூடாது. காலிங் பெல் அடித்தால் அடிக்கிறவன் அடித்துக்கொண்டே இருக்கட்டும். "வீடே பத்திகிட்டு எரிஞ்சாலும் உள்ள மட்டும் வந்துறாதீங்க அப்புச்சி." சரி. வரவில்லை. என் வேலை ஒன்றுதான். கரண்ட் போனால் சுவிட்சைத் தள்ள வேண்டும். இன்வெர்ட்டர் தானாக மாறுகிற வசதி கெட்டு இரண்டு வருஷம் ஆகிறது. மெக்கானிக் வந்தான், போர்டையே மாற்ற வேண்டும் என்றான், போடா என்று அனுப்பிவிட்டுக் கையால் தள்ளுகிற சுவிட்ச் ஒன்றை நானே சுவரில் பொருத்திவிட்டேன். அலமாரி மேல் மோடம். அதன் பக்கத்தில் சின்ன பேட்டரி டப்பா. கிழடு. எட்டு எண்ணுவதற்குள் மயங்கிவிடும். அந்த எட்டுக்குள் நான் தள்ளிவிட்டால் உள்ளே யாருக்கும் எதுவும் தெரியாது. தவறினால் மோடம் செத்துப் பிழைக்க மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்தில் எதுவும் நடக்கலாம். வாத்தியார் படிப்பு, நாலு வருஷம், எங்கெங்கிருந்தோ எழுதின பிள்ளைகளில் இருபது பேரைத்தான் எடுக்கிறார்கள். மிருதுளா இரண்டு சுற்று தாண்டிவிட்டாள். இது கடைசி. லேப்டாப் கம்ப்யூட்டரிலேயே பேசுகிறார்கள், ஒரு மேடம், ஒரு சார். வணக்கம் சொல்கிறாள். குரல் மெலிசாக இருக்கிறது. அவள் அம்மா வசந்தாமணி வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள், "அப்பா, நீங்க பேசாம உக்காந்திருந்தாலே போதும்." பேசாமல் உட்கார்ந்திருப்பது. அது எனக்கு நன்றாக வரும். ஐந்து வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

ஃபிரிட்ஜ் முனகுகிறது. ம்ம்ம். அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் சொக்கும், பழக்கதோஷம். முப்பத்துநாலு வருஷம் சப்ஸ்டேஷனில் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தவன். முற்றத்தில் டிரான்ஸ்ஃபார்மர்கள், யானை படுத்த மாதிரி, மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு வெயிலில் ஜல்லிக்கல் எல்லாம் வெள்ளையாகி, தந்திகள் நெளிந்து, முற்றமே தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி இருக்கும். உள்ளே சுவரெல்லாம் சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு. அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று ஒருநாள் கேட்டாள் இவள். அது அப்படித்தான் என்றேன். ஒரு வாரம் கழித்து வீடியோ போட்டிருந்தாள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. இரும்பு நீளுமாம், சுருங்குமாம், நூலில் பாதி கூட இருக்காதாம், ஆனால் ஒரு செகண்டுக்கு நூறு தடவை. அதுதான் சத்தம். எனக்கு யாரும் சொன்னதில்லை. இரும்பு நீண்டு சுருங்குவதற்குப் பக்கத்தில் ஒரு ஆயுசு உட்கார்ந்துவிட்டு வந்து, போன் வெளிச்சத்தில், பதினேழு வயசுப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். மூன்று தடவை பார்த்தேன். நன்றாகச் சொல்கிறாள். அவசரப்படாமல், நடுவில் நிறுத்தி, புரியவில்லை என்றால் பின்னால் ஓட்டிப் பாருங்கள் என்கிறாள். கீழே கருத்து எழுதுகிற இடம். முதல் கருத்து: கேக்குதா சார் பொண்ணு. இரண்டாவது: கேக்குதா கேக்குதா. மூன்றாவது, சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி, வரிசையாக. போனைக் கவிழ்த்து வைத்தேன். உள்ளே மேடம் கேட்கிறார், ஏன் வாத்தியார் ஆக வேண்டும் என்று. மிருதுளா சொல்கிறாள். பாதி கேட்கிறது, பாதியை மின்விசிறி தின்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. நாலு பச்சை. மோடமும் ஒரு கன்ட்ரோல் ரூம்தான், உள்ளங்கை அளவுக்கு.

கொரோனா வருஷம். அவளுக்குப் பதிமூன்று. எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் முழுக்க ஒரு போனுக்குள் வந்துவிட்டது. கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு தலையாட்டுவாள், எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். பேய் பிடித்த மாதிரி. அறிவியலுக்குப் பொன்னுரங்கம் சார். ஐம்பது வயசு இருக்கும். பாவம், போனை எப்படிப் பிடிப்பதென்று தெரியாது. ஒருநாள் கூரை மட்டும் தெரியும். ஒருநாள் அவர் மூக்கு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, கேக்குதா? நான் பேசறது கேக்குதா? ஒருநாள் தெரியாமல் போனில் குரலை அடைத்து வைத்துவிட்டு இருபது நிமிஷம் அணுவைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார். கரும்பலகை எல்லாம் எழுதி, வேர்த்து, கடைசியில் குரலைத் திறந்து, சரி, இது வரைக்கும் புரிஞ்சுதா? என்றாராம். அன்று சாயங்காலம் இவள் என் சட்டையைப் போட்டுக்கொண்டாள். என் கண்ணாடி. கையில் கரண்டி. "அப்புச்சி, இந்தப் போனைக் கொஞ்சம் புடிங்க, ஆட்டாதீங்க." பிடித்தேன். வாயை மட்டும் அசைத்தாள். சத்தமே இல்லை. கரண்டியால் சுவரில் எழுதுகிறாள், அழிக்கிறாள், நெற்றியைத் துடைக்கிறாள், யாரோ ஒருத்தனைப் பார்த்து முறைக்கிறாள், வாய் மட்டும் போகிறது, மீன் தொட்டி மாதிரி. பிறகு கழுத்தை நீட்டி, போனுக்குள் விழுகிற மாதிரி வந்து, சரி, இது வரைக்கும் புரிஞ்சுதா? சிரித்துவிட்டேன். நான் சிரிக்கிற ஆள் இல்லை. என் கல்யாணப் போட்டோவிலேயே சண்டைக்குப் போகிறவன் மாதிரிதான் நிற்கிறேன். அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மேல்மூச்சு வாங்கி, கடைசியில் ஒரு இழுப்பு, பழைய பம்பு தண்ணீர் எடுக்கிற மாதிரி. போன் ஆடியது. அவளும் சிரித்தாள். அந்தக் கூடம், சுவரில் சாயங்கால வெயில், என் சட்டைக்குள் தொலைந்து போன குழந்தை. அது கனவில் வரும்போதெல்லாம் சத்தமில்லாமல்தான் வருகிறது. வாய் மட்டும் அசையும். அதில் நான் கையை நீட்டுவேன், அனுப்பாதே என்று சொல்ல. என் குரலும் வராது.

அனுப்பினது நான்தானே. அவள் தன் சிநேகிதிகள் மூன்று பேருக்குத்தான் அனுப்பினாள், கடைசியில் என் சிரிப்பு வருகிற இடத்தை வெட்டிவிட்டு. ஒரு மணி நேரத்தில் அதையும் அழித்துவிட்டாள். "பாவம் அப்புச்சி, சாருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு." பதிமூன்று வயசுக்கு இருந்த புத்தி. எனக்கு எழுபது. எனக்கொன்று அனுப்பு கண்ணு, என்றேன். வெட்டாததை அனுப்பினாள். எங்கள் மின்வாரியத்து ஆட்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். காலை வணக்கம், பென்சன் செய்தி, யாராவது செத்தால் கைகூப்பு. என் பங்குக்கு நான் எதுவுமே போட்டதில்லை. அன்று போட்டேன். ஒரு விரலால் தட்டினேன், என் பேத்தி, பாருங்கள். அவ்வளவுதான். கட்டைவிரல் ஒரு அமுக்கு. பிரேக்கர் போடுவது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா, கைப்பிடியைத் திருப்பினால் முற்றத்தில் இடி மாதிரி ஒரு சத்தம் வரும், காக்கா எல்லாம் பறக்கும், ஊருக்கு லைன் போய்விட்டது என்று காலுக்குக் கீழே தெரியும். இதில் ஒரு சத்தமும் இல்லை. சூப்பர் அண்ணா என்றான் ஒருத்தன். கலைக்குடும்பம் என்றான் இன்னொருத்தன். எனக்கு, ஏன் மறைக்க வேண்டும், இனித்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் கோயம்புத்தூரில் இருக்கும் என் மச்சினன் மகன் எனக்கே அனுப்புகிறான், மாமா செம காமெடி பாருங்க என்று, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே. அதற்குள் யாரோ கீழே எழுத்துப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெயர். சார் பெயர். பாட்டு வேறு. மூன்றாம் நாள் பொன்னுரங்கம் சார் பாடம் எடுக்கும்போது நாற்பது பிள்ளைகளும் ஒன்றாக, கேக்குதா சார், கேக்குதா சார். அவர் கேமராவை அணைத்துவிட்டார். பிறகு போடவே இல்லையாம். கறுப்புச் சதுரத்திலிருந்து பாடம் வந்தது ஒரு வாரம். அப்புறம் அதுவும் வரவில்லை. வேறு ஒரு டீச்சர் வந்தார்.

இருமல் வருகிறது. அடக்குகிறேன். உள்ளே சார் ஏதோ கேட்கிறார், சிரிக்கிறார்கள். நல்லது. சிரிக்கட்டும். அந்த வருஷம் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை போன் பண்ணினது இதே நேரம்தான், பதினொன்று, பதினொன்றேகால். வசந்தாமணி போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம், நடுவில் போன், பிணத்தைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி. "எடுத்தது நீதானம்மா?" நான்தான் மிஸ். "யாருக்கெல்லாம் அனுப்பினே?" கடலைத் தோல் ஒன்று மேஜை மேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அந்தத் தோல் தெரிகிறது, அதன் சிவப்பு, அதன் ஓரத்துச் சுருக்கம். "சொல்லும்மா. ஊரெல்லாம் பரப்பினது யாரு?" நான் மட்டும்தான் மிஸ், வேற யாரும் இல்ல. என்னைப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன். ஒரு பக்கம் முழுக்க மன்னிப்புக் கடிதம் எழுதினாள். கையெழுத்து அழகாக இருந்தது. அதை அவள் போட்டோ எடுத்து அனுப்பும்போது விளக்கை நான்தான் தூக்கிப் பிடித்தேன், நிழல் விழாமல். என் சிரிப்பு அந்த வீடியோவில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நான் சிரித்து யார் பார்த்திருக்கிறார்கள். என் மகளுக்கே அடையாளம் தெரியாது. தெரியவில்லை. ஏதோ ஒரு ஆள் சிரிக்கிறான் என்றாள்.

போன மாதம் அவள் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எழுத்து எழுத்தாக. விண்ணப்பத்தில் எழுதியிருந்தது, உங்கள் பெயரை இணையத்தில் தேடிப் பார்ப்போம், நீங்கள் போட்டதை எல்லாம் பார்ப்போம் என்று. அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். நான் காப்பியை ஆற்றினேன், ஆற்றி முடித்த பிறகும் ஆற்றினேன். தேடினால் முதலில் வருவது அந்த நடிப்புதான், யாரோ பிறகு அவள் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். இரும்பு சுருங்குகிற வீடியோ இல்லை. ஒளி வளைகிறது, உப்பு கரைகிறது, நாற்பது ஐம்பது வீடியோ போட்டிருக்கிறாள், எதுவும் இல்லை. என் சட்டை. என் கண்ணாடி. என் சிரிப்பு. ஐந்து வருஷத்தில் அவள் ஒரு சாண் வளர்ந்துவிட்டாள், பல்லுக்குக் கம்பி போட்டுக் கழற்றிவிட்டாள், அதற்குள் மட்டும் பதிமூன்று வயசு. அது வளராது போல. இன்னொரு நாள். உழவர் சந்தை. ஒரு மனுஷன் கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைப் பார்த்துப் பையில் போடுகிறார். எங்கேயோ பார்த்த மூக்கு. மூக்கைத்தானே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றேன். அவருக்கு என்னைத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், என்ன சொல்வது, ஏனுங்க சார் என்றா, நான்தானுங்க என்றா. அப்போது பைக்கில் இரண்டு பயல்கள். போகிற போக்கில் ஒருத்தன் கத்தினான், சார், கேக்குதா? அவர் திரும்பவில்லை. கத்திரிக்காயைக் காதில் வைத்துக் கேட்பவர் மாதிரி தலை சாய்த்து ஒரு கணம் நின்றார். பிறகு அதைப் பையில் போட்டார். நான் என்ன செய்தேன். வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். முற்றிப்போன வெண்டைக்காய். வசந்தாமணி திட்டினாள். உள்ளே இப்போது சத்தம் குறைந்திருக்கிறது. மேடம் மெதுவாகப் பேசுகிறார். மெதுவாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது.

எண்பத்துநாலாம் வருஷம். மழைக்காலம். மாரப்பன் என்று ஒரு வயர்மேன், கம்பத்தில் ஏறினால் பல்லி. லைனில் வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் எங்களுக்குப் போன் பண்ணி லைன் கிளியர் வாங்க வேண்டும். நாங்கள் லைனை நிறுத்தி, பூட்டுப் போட்டு, அவன் பெயர், மணி, எல்லாம் எழுதி வைப்போம். வேலை முடிந்ததும் வாங்கினவனே பேச வேண்டும். என் ஆட்கள் எல்லாரும் இறங்கியாச்சு, லைன் விடலாம் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். வாங்கினவன்தான் திருப்பித் தர முடியும். அவன் அண்ணன் சொன்னாலும் செல்லாது, மந்திரி சொன்னாலும் செல்லாது. அன்று சாயங்காலம் போன் வந்தது. மாரப்பன் பேசறேனுங்க, எல்லாரும் இறங்கியாச்சு. கரகரவென்று மழைச் சத்தம். கேக்குதுங்களா? கேட்டது. குரல் வேறு. மாரப்பன் கேக்குதுங்களா என்று சொல்ல மாட்டான், என்னுங்க கேக்குதா என்பான். மாரப்பனைக் கூப்பிடு என்றேன். நான்தானுங்க மாரப்பன். இல்லை. வைடா போனை. இரண்டு மணி நேரம் ஊரே இருட்டு. மேலதிகாரி கத்துகிறார், தியேட்டர்க்காரன் கத்துகிறான், நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டில் மழைக்குள்ளிருந்து மாரப்பன் வந்தான், நேரே சப்ஸ்டேஷனுக்கே, நடந்து. மூன்றாவது கம்பத்தில் மேலேயே இருந்திருக்கிறான். கூட இருந்தவன் சாராயக்கடை மூடுவதற்குள் போக வேண்டுமென்று அவன் பெயரைச் சொல்லிப் பேசியிருக்கிறான். மாரப்பன் வாசலில் நின்று என்னைப் பார்த்தான், தண்ணீர் சொட்டியது. அது ஒன்றுதான் என் வாழ்க்கையில் நான் செய்தது. அதை வைத்துக்கொண்டு முப்பத்தாறு வருஷம் நிமிர்ந்து நடந்தேன். பிறகு என் பேத்தி, மேஜை மேல் ஒரு போனைப் பார்த்து, என் பெயரில் இருந்ததை அவள் குரலில் திருப்பிக் கொடுத்தாள். நான் கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் வேறு என்று சொல்ல ஆளில்லை.

"ஒரு வீடியோ பாத்தோம்மா." மேடம் குரல். தெளிவாக வருகிறது, விசிறி அதைத் தின்னவில்லை. வந்துவிட்டது. "உன் பேரைத் தேடினா அதுதான் முதல்ல வருது. உனக்கே தெரியும்." தெரியும் மேடம். "ஒரு ஆசிரியரை அப்படி நடிச்சுக் காட்டினவ, ஆசிரியர் ஆகணும்ங்கறே." பச்சை விளக்கு, நாலு. பல்லி ஒன்று சுவரில், அசையவில்லை. பிறகு மிருதுளா. "அது தப்பு மேடம். அவர் எங்களுக்காகக் கஷ்டப்பட்டாரு. தெரியாத வேலையைத் தெனமும் பண்ணினாரு. எனக்கு அது அப்ப சிரிப்பா இருந்துச்சு. இப்ப நானே வீடியோ போடறப்ப, எதிர்ல யாரும் இல்லாம பேசறப்ப, கேக்குதான்னு கேக்கத்தான் மேடம் தோணுது. யாராவது இருக்கீங்களான்னு." அந்தச் சார் ம்ம் என்றார். நல்லது. போதும். விட்டுவிடுங்கள். மேடம் விடவில்லை. "உங்க பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்கின கடிதத்துல பரப்பினதும் நானேன்னு எழுதியிருக்கே. அப்படியா?" ஆமா மேடம். "பின்னால ஒருத்தர் சிரிக்கறாரே. பெரியவர் குரல். அது யாரு?" சுவர் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது. எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. அவள் நாற்காலி கிரீச்சிட்டது. "யாரோ மேடம்," என்றாள். "தெரியல."

யாரோ. ஐந்து வருஷமாக நான் வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். யாரோவாக இருக்க வேண்டும் என்று. கிடைத்துவிட்டது. எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள், காற்றில் போகிற பஞ்சு மாதிரி, இந்த வீட்டில், இந்த நாற்காலியில், யாரோ. குழந்தையைக் காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தது யாரோ. சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினது யாரோ. எழுந்துவிட்டேன். சுவிட்சை விட்டு எழுந்தேன். வேலை நேரத்தில் இடத்தை விட்டு எழுந்தது இன்றைக்குத்தான். கூடம் நீளமாக இருந்தது. ஏழெட்டுத் தப்படிதான், ஆனால் தண்ணீருக்குள் நடப்பது மாதிரி, முற்றத்து வெயிலுக்குள் நடப்பது மாதிரி, காலை எடுத்து எடுத்து வைத்தேன். எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு அமைதி எனக்குப் பழக்கமில்லை. கதவைத் தள்ளினேன். அவள் முதுகு. கம்ப்யூட்டரில் மேடம், வெள்ளிக் கண்ணாடி, வாய் பாதி திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரோ இல்லீங்க," என்றேன். "நானுங்க. இவளோட அப்புச்சி. சிரிச்சது நான். ஊருக்கெல்லாம் அனுப்பினதும் நான். இந்தப் புள்ள மூணு பேருக்குத்தான் அனுப்புச்சு. அதையும் அழிச்சிருச்சு. நான் முந்நூறு பேருக்கு அனுப்பினேனுங்க." மேடம் வாயை மூடவில்லை. கண் சிமிட்டவில்லை. என்ன இந்த அம்மா இப்படிப் பார்க்கிறார். மிருதுளா திரும்பினாள்.

"அப்புச்சி. கரண்ட் போச்சு." நிமிர்ந்து பார்த்தேன். விசிறி நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. ஃபிரிட்ஜ் செத்திருந்தது. மேடம் படமாக உறைந்து போயிருந்தார், பக்கத்தில் சார் கையைத் தூக்கினபடி. நான், கரண்ட் போனதை, கவனிக்கவில்லை. "கேட்டிருக்காதா அவங்களுக்கு?" "ஒண்ணும் கேட்டிருக்காது." அவள் முகம் வெளிறியிருந்தது, கோபமா பயமா தெரியவில்லை. "கண்ணு. அந்த வீடியோவ அனுப்பினது நான்." "தெரியும்." "எப்ப இருந்து?" "அன்னிக்கே. வெட்டாதத உங்களுக்கு மட்டுந்தான அனுப்பினேன். உங்க சிரிப்பு எனக்குத் தெரியாதா?" "ஏன் கேக்கலே என்னை?" பதில் சொல்ல நேரமில்லை என்கிற மாதிரி மோடம் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்று மேஜையில் பார்க்காத பார்வை அது, ஐந்து வருஷம் தள்ளி வந்தது. "நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்," என்றாள். பிறகு கத்தினாள். "அய்யோ சுவிட்சு அப்புச்சி!"

ஓடினேன். எழுபத்தைந்து வயசில் ஓட்டம் என்று சொல்ல முடியாது. தள்ளினேன். டக். விசிறி ஒரு முறை யோசித்துவிட்டுச் சுற்றியது. மோடத்தில் சிவப்பு. மூன்று நிமிஷம். கையைச் சுவிட்சிலேயே வைத்துக்கொண்டு நின்றேன், எடுத்தால் மறுபடி போய்விடும் என்கிற மாதிரி. ஒரு பச்சை. பக்கத்தில் ஒன்று மினுக்கியது, அணைந்தது, மினுக்கியது. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருப்பார்கள். என்னால்தான். இதுவும் என்னால்தான். இரண்டு பச்சை. உள்ளே அவள் மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்கிறது. மூன்று. வேறு எங்கோ கத்திரிக்காயைப் பையில் போடுகிற ஒரு கை. நாலு.

"மிருதுளா? மிருதுளா, கேக்குதா?" மேடம்தான். இருக்கிறார்கள். "கேக்குதாம்மா?" "கேக்குது மேடம். கரண்ட் போயிருச்சு, மன்னிச்சுருங்க." "பரவால்ல. எங்க விட்டோம்?" பிறகு அவள் சொன்னாள், நிறுத்தி, அவசரப்படாமல், வீடியோவில் பாடம் சொல்கிற குரலில். "நான் முன்ன சொன்னது தப்பு மேடம். யாரோன்னு சொன்னேன். அது யாருன்னு எனக்குத் தெரியும்." "யாரு?" என்றார் மேடம். அவள் பெயரைச் சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விடுகிற மாதிரி.

சுவிட்சைப் பார்த்தேன். கையை எடுத்தேன். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டேன். உள்ளே போனேன். கண்ணாடிச் சதுரத்துக்குள் மேடம், சார், மூலையில் சின்னதாக என் பேத்தி, அவள் பக்கத்தில் ஒரு கிழவன் வந்து நிற்கிறான், வாய் அசைகிறது. சத்தம் வருகிறதா என்று தெரியவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. கழுத்தை நீட்டினேன், கம்ப்யூட்டருக்குள் விழுகிற மாதிரி கிட்டே போனேன்.

"சென்னியப்பன் பேசறேனுங்க," என்றேன். "கேக்குதுங்களா?"